பெட்டிக்குள் ரொட்டி தின்ற பண்ணையார்

உலகத் திரைப்பட ரசிகர்களின் மேலான கவனத்திற்கு. மனித குலம் நெடுங்காலமாகக் காத்திருந்த மாபெரும் பண்பாட்டு நிகழ்வு, வருகிற பத்தாம் தேதி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, நெய்வேலி டவுன்ஷிப் சமுதாயக் கூடத்தில் நடந்தேறவிருக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய ஸ்பெயின் கிராமத்தில் நடக்கும் காதல் நகைச்சுவைப் படம், திரைப்பட வட்டத் தலைவர் அறிவழகன் அவர்களின் நேரடித் தமிழ் விளக்கத்துடன் காட்டப்படும். அனுமதி இலவசம். டீ, பிஸ்கட் உண்டு.

கூட்டத்தை வரவழைத்தது கடைசி வரிதான். அறிவழகன் நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தில் பெரிய அதிகாரியாக ஓய்வு பெற்றவர். மண் வெட்டும் இயந்திரம் ஒன்றைப் பார்வையிட நிர்வாகம் அவரைப் பதினோரு நாள் ஜெர்மனிக்கு அனுப்பியது. அன்றிலிருந்து ஐரோப்பா முழுவதும் அவர் பொறுப்பில் இருக்கிறது.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த கொளஞ்சிநாதன் பிஸ்கட்டுக்காக வரவில்லை. சம்பந்தம் பேச வந்திருந்தார். டவுன்ஷிப்பில் இது ஒரு வழக்கம். பேச்சு ஒத்துவராவிட்டால் இரண்டு வீட்டாரும் படம் பார்க்கத்தான் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் மகன் அருண்குமார் எட்டு வருடமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். அவனும் எழில்மதியும் நான்கு வருடமாகக் காதலிக்கிறார்கள். எழில்மதியின் அம்மா திலகவதிக்கு அதில் ஆட்சேபம் ஏதுமில்லை, பையன் பர்மனென்ட் ஆகிவிட்டால்.

அவன் பர்மனென்ட் ஆவதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. கொளஞ்சிநாதன் பர்மனென்ட், அதே சுரங்கத்தில் மண் கொண்டுபோகும் பெல்ட்டுக்கு ஆபரேட்டர். வேலையில் இருக்கும்போதே அவர் இறந்துபோனால் மகன் வாரிசு வேலைக்கு மனுப் போடலாம். ஓய்வு பெற்ற மறுநாள் இறந்தால் ஒரு மாலை வரும். அவருக்கு இதயத்தில் அடைப்பு இருந்தது. முப்பத்தொன்றாம் தேதி ஓய்வும் இருந்தது.

நாற்பது நிமிட முன்னுரைக்குப் பிறகு படம் ஆரம்பித்தது. கோதுமை வயல், கழுதை, மாவு மில். மில் சொந்தக்காரரான கிழட்டுப் பண்ணையார் உயிரோடிருக்கும்வரை அவருடைய தம்பி மகன் கைக்கு மில் வராது, சலவைக்காரியின் மகளைக் கட்டவும் முடியாது. தனக்காக யார் அழுகிறார்கள் என்று பார்க்க, பண்ணையார் செத்ததாகச் சேதி அனுப்பிவிட்டுச் சவப்பெட்டியில் படுத்துக்கொள்கிறார். ஊரே கூடுகிறது.

இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தது. கொளஞ்சிநாதன் திலகவதி பக்கம் சாய்ந்தார். "அந்தத் தம்பிக்கு வேல ஆர்டர் எத்தினி நாள்ல வந்துச்சும்மா?"

"எந்தத் தம்பிக்குங்க?"

"படத்துல. அதான் பெரியப்பா செத்துட்டாரே."

கூடத்தில் யாருக்கும் இது தவறான கேள்வியாகப் படவில்லை. பின்வரிசையில் ஒருவர், "தம்பி மவனுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க, தத்து எடுத்திருக்கணும்" என்றார். இன்னொருவர், "மொதல்ல வாரிசு சர்டிபிகேட் வாங்கட்டும், தாசில்தார் அலைய விடுவான்" என்று ஸ்பெயின்காரனுக்காகக் கவலைப்பட்டார்.

திலகவதி அனுபவஸ்தர். கணவர் இறந்ததால் கிடைத்த வாரிசு வேலையில்தான் அவர் ஆபீஸ் உதவியாளராகச் சேர்ந்திருந்தார். "எங்க வூட்டுக்காரர் போனப்ப எனக்குப் பதினாலு மாசம் ஆச்சுங்க. ஆனா சர்வீஸ்ல இருக்கசொல்லவே போயிருக்கணும். அதுதான் முக்கியம்."

"தெரியும்மா. அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

"இன்னும் இருபத்தோரு நாள் இருக்குல்ல?"

"இருக்குது."

சேத்தியாத்தோப்புக்கு அடுத்த பஸ் எப்போது என்று விசாரிக்கும் குரலில்தான் இருவரும் பேசினார்கள். அருண்குமார் காதில் விழுந்தது. அவன் அப்பாவின் சட்டைப் பையில் கையை விட்டான். இரண்டு மாதத்து இதய மாத்திரை அட்டைகள் வந்தன. ஒன்றுகூடக் கிழிக்கப்பட்டிருக்கவில்லை.

"என்னப்பா இது?"

"படத்தப் பாரு."

"எத்தினி நாளா போடல?"

"நான் என்ன கெணத்துலயா வுழுந்தேன். மாத்திர மறந்துபோச்சு, அவ்ளோதான்."

"ரெண்டு மாசமா மறந்துபோச்சா?"

"வயசாயிடுச்சில்ல."

அருண்குமார் ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தான். "வாயத் தொற."

"மூணு வாரந்தான்டா. கொஞ்சம் பொறுத்துக்க."

"தொறப்பா."

எழில்மதி எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "முழுங்குங்க மாமா."

"எழிலு, உக்காரு" என்றார் திலகவதி. அவள் உட்காரவில்லை.

கொளஞ்சிநாதன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளைக்கென்று சேர்த்துவைத்திருந்த ஒரே சொத்தைப் பிடுங்கிக்கொண்டதுபோல் முகம் சுருங்கியது. மாத்திரையை விழுங்கினார். திலகவதி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

திரையில் பசி தாங்காத பண்ணையார், பெட்டிக்குள் படுத்தபடியே ரொட்டி தின்று பிடிபட்டார். பாதிரியார் மயங்கி விழுந்தார். சிரித்துச் சிரித்து இளகிய பண்ணையார், மில்லைத் தம்பி மகன் பேரில் எழுதிவைத்தார். கோதுமை வயலில் கல்யாணம். கழுதைக்கும் மாலை.

விளக்குகள் எரிந்தன. மைக்கைப் பிடித்த அறிவழகனின் கண்கள் கலங்கியிருந்தன. மரணத்தைக் காதல் வென்றதை இன்று நெய்வேலி நேரில் கண்டது என்றார். வர்க்கம், அந்தஸ்து, நாடு, மொழி எல்லாம் இந்தக் கூடத்தில் கரைந்துவிட்டன, இங்கே அமர்ந்திருக்கும் இளம் உள்ளங்களை இனி எந்தச் சக்தியாலும் பிரிக்க முடியாது, இதைத் திரைப்பட வட்டம் தீர்மானமாகவே நிறைவேற்றுகிறது என்றார். தீர்மானம் கைதட்டலுடன் நிறைவேறியது. கொளஞ்சிநாதனும் தட்டினார்.

முப்பத்தொன்றாம் தேதி அவர் உயிரோடு ஓய்வு பெற்றார். அடுத்த முகூர்த்தத்தில் எழில்மதிக்கும் ஒரு பர்மனென்ட் மாப்பிள்ளைக்கும் பண்ருட்டியில் கல்யாணம் நடந்தது.