இயந்திரத்துக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூசையன்று ரோபோவுக்கும் பொட்டு வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் கோவிந்தசாமி தன் கையாலேயே வைத்தார். ஜீப்புக்கு வைக்கிற அதே தாராளத்தோடு, பளபளவென்று கண்ணில் பட்ட கண்ணாடி எதையும் விடாமல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம். போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தான். கடலூரில் எங்கள் பிரிவுக்கு, வெடிகுண்டு எடுப்பதற்கென்று வந்த முதல் ரோபோ அது. அதை இயக்கத் தெரிந்த ஒரே போலீஸ் நான், சந்திரலேகா. மொத்தம் இரண்டு நாள் பயிற்சி. அதில் பாதி சாப்பாட்டு நேரம்.

"ஐயா, கேமராவுல வேணாங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"சாமி காரியம்மா. அப்பறமா தொடச்சிக்கோ."

துடைத்தேன். நான்கு கேமராக்களையும் ஈரத்துணியால் துடைத்தேன். பொருளைப் பிடிக்கிற கை உடம்போடு சேரும் இடத்துக்கு அடியில், மிளகு அளவில் இன்னொரு கண்ணாடி இருந்தது. பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளப்பது அதுதான். நான் அதை ஏதோ திருகாணித் துளை என்று நினைத்துவிட்டேன்.

ரோபோ வருவதற்கு முன் குண்டருகே போய்வந்தவர் ஏட்டு ராமாமிர்தம் அண்ணன். பதினெட்டு வருஷம். அவருடைய கனத்த பாதுகாப்பு உடை காலாவதியாகிவிட்டதென்று திருப்பி அனுப்பினார்கள். புதிது கேட்டதற்கு, "அதான் மிஷினு வந்துடுச்சே, இனிமே மனுஷன் எதுக்குப் போவணும்?" என்று பதில் வந்தது. அதைக் கேட்டு நானும் சந்தோஷப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பகல். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் சாலையில் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலை. நெல் காயப்போடும் களத்தில் சணல் சுற்றிய நாட்டு வெடிகுண்டு ஒன்று. யார் பகைக்கு யார் பதுக்கியதோ. ஆலை வாசலில் நின்றுகொண்டு ரோபோவை உள்ளே அனுப்பினேன். நூறு மீட்டர் இருக்கும். திரையில் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனால் ரோபோவின் கை ஒரு சாண் முன்னாலேயே வெறும் காற்றைப் பிடித்தது. மறுபடி விட்டேன். இந்த முறை குண்டை இடித்து உருட்டி, களத்தோரக் கால்வாயில் தள்ளியது. பதற்றத்தில் இன்னும் கொஞ்சம் முன்னால் செலுத்தினேன். ரோபோவும் ஒருபக்கமாகக் கால்வாயில் சாய்ந்து விழுந்தது. குண்டு அதன் கைக்கு அடியில் கிடந்தது.

ஆள் நடமாட்டம் இல்லாத இடம். அங்கேயே வெடிக்க வைத்திருக்கலாம். இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"மிஷினும் சேந்து போயிடும்யா. நான் மேல என்ன பதில் சொல்றது? ராமாமிர்தம், நீ போயி மெதுவா எடுத்துடு. ஒனக்குத் தெரியாததா?"

"டிரெஸ்ஸு இல்லீங்களே ஐயா."

"ஹெல்மெட்டு இருக்குல்ல? போய்யா."

ராமாமிர்தம் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒன் புள்ள வுழுந்துட்டான் லேகா, தூக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. அண்ணனுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று. ரோபோவுக்கும் கைதான் போனது. ஒரே வாரத்தில் புதுக் கை மாட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். குண்டு வெடித்த அன்று, கையில்லாத ரோபோவை வண்டியில் ஏற்றும்போதுதான் அந்த மிளகுக் கண்ணாடியைப் பார்த்தேன். காய்ந்த சந்தனம் கெட்டியாக ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் மனைவி அமராவதி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரா போனாருன்னு எழுதுறாங்களாம் லேகா. உத்தரவு இல்லாம போனா வேலையும் இல்ல, பென்ஷனும் இல்லன்றாங்க. நீ பக்கத்துலதான நின்ன? போவச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா."

"சொல்றேன்கா" என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

விசாரணை நாளன்று வராந்தாவில் இன்ஸ்பெக்டர் என்னை நிறுத்தினார். குரலை உயர்த்தவே இல்லை.

"புதுக் கை மாட்டுனவங்க சொன்னாங்க, கண்ணாடில சந்தனம் ஒட்டியிருந்துச்சாமே, தொடைக்கிறது யாரு வேல? இன்னும் நான் அத எழுதலம்மா. எழுத வெச்சிடாத."

அப்பியது அவர்தான். ஆனால் ரோபோவைப் பராமரிக்கும் பதிவேட்டில் என் பெயர்தானே இருக்கிறது. அந்த ஆளை அங்கேயே அறைய வேண்டும்போல் இருந்தது. விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன்.

உள்ளே ரோபோ எடுத்த வீடியோவை ஓட்டினார்கள். சாய்ந்த படத்தில் ராமாமிர்தம் அண்ணன் தனியாக நடந்து வருகிறார், குனிகிறார், கையை நீட்டுகிறார். போகச் சொன்ன ஆள் அதில் இல்லை, குரலும் இல்லை. கால்வாயில் கிடந்த இயந்திரத்துக்கு, நூறு மீட்டர் தள்ளி வாசலில் பேசியது எப்படிக் கேட்கும்?

"மனுஷன் மாத்திப் பேசுவான். மிஷினு பொய் சொல்லாது" என்றார் விசாரணை அதிகாரி. பிறகு என் பக்கம் திரும்பினார். "உள்ள போவச் சொல்லி யாராவது உத்தரவு போட்டாங்களா? ஒங்க காதுல வுழுந்துச்சா?"

கோவிந்தசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணாடத்தில் என் சம்பளத்தை நம்பியிருக்கும் வீடு நினைவுக்கு வந்தது. அமராவதி அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"வுழல சார்."

"மிஷினு சொல்றதும் நீங்க சொல்றதும் ஒத்துப்போவுது. கையெழுத்துப் போடுங்க" என்று காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

வலது கையை நீட்டிப் பேனாவை வாங்கினேன்.