இன்னொரு கை தீனி

1

இந்தக் கதை ஒரு கோழியின் வயிற்றிலிருந்து வந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை. அக்காவின் பண்ணையில் செத்த கோழியைக் கால்நடை டாக்டர் அறுத்தபோது நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். (பகல் பதினொரு மணி. டார்ச் தேவையே இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாதவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்.)

2

முதல் தொடக்கம்: "விடியலின் பொன்னொளி தகரக் கூரையில்..." வேண்டாம். அங்கே முதலில் வருவது நெடி.

இரண்டாவது: "பறவையின் உடலில் கொழுப்பு உருவாகும் முக்கிய இடம் கல்லீரல்." சரியான வாக்கியம். எனக்கே கொட்டாவி வருகிறது.

மூன்றாவது: குஞ்சு பொரிக்க முட்டை கொடுக்கும் தாய்க்கோழிகள் அக்காவிடம் நானூறு இருந்தன. முட்டை குறைந்தது. அக்கா தீனியைக் கூட்டினாள். இன்னும் குறைந்தது. இன்னும் கூட்டினாள். பிறகு ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. நோஞ்சான்கள் அல்ல, கொழுகொழுவென்று இருந்தவை. ஒரே வாரத்தில் ஒன்பது.

இதையே வைத்துக்கொள்கிறேன். திருத்தத் தெம்பில்லை.

3

ஈரல் சிவப்பாக இல்லை. வெளிறிய மஞ்சள். (இங்கே ஓர் உவமை இருந்தது. எடுத்துவிட்டேன், நீங்களும் சாப்பிட வேண்டுமே.) டாக்டரின் விரல் பட்டதும் பிய்ந்து வந்தது.

"கொழுப்பு ஏறி ஈரல் கிழிஞ்சிருக்கு. உள்ளயே ரத்தம் கொட்டியிருக்கு. எவ்வளவு தீனி போடுறீங்கம்மா?"

"அளந்துதான் டாக்டர். தலைக்கு இவ்வளவுன்னு. அப்புறம்... மேல ஒரு கை."

"ஒரு கையா?"

"ரெண்டு. என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடி வந்து மேல விழுதுங்க. பாவமா இருக்காதா?"

"கத்தியோட நான் வந்தாலும்தான் ஓடி வருது. அதை நம்பலாமா? முட்டை குறைஞ்சதே கொழுப்பாலதாம்மா. அப்போ போய்க் கூட்டச் சொன்னது யாரு?"

4

இந்த இடத்தில் முதல் பிரதியில் ஒரு தீனி வியாபாரி வந்தான். தங்கப்பல், வழவழப்பான பேச்சு. நன்றாகவே வந்திருந்தான்.

அப்படி ஒருவன் கிடையாது.

அக்கா போன் செய்த அன்று நான் ஒரு காற்புள்ளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "முட்டை குறையுதுடா, என்ன பண்ணலாம்?" என்றாள். "பசியா இருக்கும்க்கா. கஞ்சத்தனம் பண்ணாம நல்லாப் போடு" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். கோழியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தம்பி புத்தகம் எழுதுகிறவன் ஆயிற்றே.

டாக்டர் கேட்டபோது அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான்."

மறந்துவிட்டாளா, காப்பாற்றினாளா? தெரியவில்லை. நான் டார்ச்சை இன்னும் நேராகப் பிடித்தேன்.

(தேவைக்கு மேல் தீனி, தேவைக்கு மேல் வார்த்தை என்று ஓர் ஒப்புமை வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே விடுவதாக இல்லை.)

5

முடிவுகள்.

அ) டாக்டர் சொன்னபடி அக்கா தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறாள். கோழிகள் பிழைக்கின்றன. (பெரும்பாலும் உண்மை. பத்தாவது நேற்றுப் போயிற்று.)

ஆ) தம்பி அங்கேயே, "நான்தான் சொன்னேன்" என்கிறான். (அருமையான முடிவு. நடக்கவில்லை.)

இ) நேற்று அக்கா பேசினாள். "அளந்து போட்டுட்டு அதுங்க மூஞ்சியப் பாக்காம வந்துடுறேன். என் கையாலயே கொன்னுட்டேன்டா." நான், "சரி, விடுக்கா" என்றேன். பக்கம் பக்கமாக எழுதுகிறவனிடம் அவ்வளவுதான் இருந்தது.

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அக்கா. வியாபாரி இருக்கும் பிரதியை அனுப்பியிருந்தால் சிரித்திருப்பாள், என் பழியையும் தானே சுமந்துகொண்டிருந்திருப்பாள்.

இன்று காலை அவன் இல்லாத பிரதியை அனுப்பினேன். இந்த வரிக்குச் சற்று மேலே வரை.

படித்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது. ஏதோ எழுதுகிறாள் என்றும் காட்டுகிறது. நிறுத்துகிறாள். மறுபடியும் எழுதுகிறாள்.

வரப்போகிற வாக்கியம் என்னுடையது அல்ல. நீங்களும் உட்காருங்கள்.