பெரிய கேமராவில் எடுத்த படம்

கேமரா என்றால் அதைத் தூக்குகிறவரின் தோள் ஒரு பக்கமாகச் சாய வேண்டும் என்பது திருவண்ணாமலைக் கல்யாண மண்டபங்களின் எழுதாத சட்டம். தோள் நிமிர்ந்திருந்தால் அவர் போட்டோகிராபர் இல்லை, பந்திக்கு இடம் தேடும் யாரோ ஒருவர். தமிழ்செல்வியின் தோள் நிமிர்ந்தே இருந்தது. அவள் கேமரா ஒரு சின்ன டிபன் டப்பா அளவுதான். லென்ஸைக் கழற்றிவிட்டால் கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அவள் செய்த பாவம் அவ்வளவுதான்.

நான்கு வருஷம் அவள் கோதண்டராமன் ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தாள். யார் யாரோ எடுத்த படங்களில் யார் யாரோ மணப்பெண்களின் வியர்வையைக் கம்ப்யூட்டரில் துடைத்தே கண் பூத்துப்போனது. கேமராவைத் தொடவிட்டதில்லை. "பொம்பளப் புள்ள, இந்த வெயிட்டை நாலு மணி நேரம் தூக்கிக்கினு நிப்பியா?" என்பார் கோதண்டராமன். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டு அம்மா ஒருத்தி, ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் தன் கேமராவை விற்கப்போவதாகக் காதில் விழுந்தது. போய்க் கையில் வாங்கிப் பார்த்தாள். அப்புறம் அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

பெரிய கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அது டடக்கென்று எழுந்து விழும். இதற்குள் அந்தக் கண்ணாடியே கிடையாது, அதனால்தான் உடம்பு இளைத்திருந்தது. ஆனால் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் மட்டும் இளைக்கவில்லை. அது கோதண்டராமனின் கேமராவில் இருக்கும் அதே அளவு. போனில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக்கூட இருக்காத சமாச்சாரம், இதில் தபால்தலை அளவுக்கு இருந்தது. லென்ஸையும் வேலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். அவளிடம் இருந்த இரண்டில் செல்லப்பிள்ளை அந்தக் குட்டி லென்ஸ்தான். அதற்கு ஜூம் கிடையாது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் நாமே நடந்து பக்கத்தில் போக வேண்டும். ஆனால் அரைகுறை வெளிச்சத்தில் ஃபிளாஷ் கேட்டு அடம்பிடிக்காது.

வேலையை விட்டுவிட்டாள். செங்கம் ரோடு கஃபேக்களின் சாப்பாட்டையும் வாடகை அறைகளின் ஜன்னலையும் எடுத்துக் கொடுத்து வண்டி ஓடியது. கல்யாணம் மட்டும் வரவில்லை. ஒரே ஒரு உள்ளூர்க் கல்யாணம் எடுத்துக் காட்டிவிட்டால் போதும், ஊர் நம்பிவிடும். இல்லையென்றால் மறுபடியும் வியர்வை துடைக்கும் நாற்காலிதான். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அதனால் அக்கா வினோதினிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளையைவிட இவளுக்குத்தான் சந்தோஷம்.

"நீதான்டி எடுக்கணும். வேற எவன் கேமரா முன்னாடியும் நான் சிரிக்க மாட்டேன்" என்றாள் வினோதினி.

புடவை எடுத்துக்கொண்டு வந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா பரசுராமன் அந்தக் கேமராவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர். எதையும் கையில் தூக்கி எடை பார்ப்பதுதான் அவருக்குப் பழக்கம்.

"இன்னாம்மா இது, கொழந்தைங்க வெளையாட்டு சாமான் மாதிரி கீது? எங்க ஜனம் ஐந்நூறு பேரு வருவாங்க. இவ்ளோ பெரிய லென்ஸ் வெச்சிக்கினு ஒரு ஆளு மேடை மேல நின்னாத்தான் கல்யாணம்னு இருக்கும்."

தமிழ்செல்வி சென்சார் பற்றி எடுத்துச் சொன்னாள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பேச்சைக் கேட்பதுபோல் அவர் கேட்டு முடித்தார். அம்மா ராணியம்மாளுக்குச் சம்பந்தி முகம் கோணக் கூடாது என்கிற பயம். "நீ சும்மா இருடி. பொண்ணோட தங்கச்சி, தட்டு புடிக்கற வேலை உனக்கு இருக்குது" என்று அடக்கினாள். தமிழ்செல்வி அக்காவைப் பார்த்தாள். அக்கா புடவையின் பார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை கோதண்டராமனுக்குப் போயிற்று. மனுஷன் அவளைத் தேடி வந்தே சமாதானம் சொன்னார்.

"கோச்சிக்காத தமிழு. உன் கேமரா இன்னா செய்யும்னு எனக்குத் தெரியாதா? நானே ஒண்ணு வாங்கலாம்னு கீறேன். ஆனா அதை மாட்டிக்கினு மேடையில நின்னா எவன் என்னை மதிப்பான்?" தன் கேமராவைத் திருப்பி, அடியில் செருகியிருந்த கூடுதல் பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. "காலிதான். சும்மா ஒசரத்துக்கு" என்று சிரித்தார். அவளுக்கு வயிறு எரிந்தது. ஊரை ஏமாற்றுகிறார் என்றுகூட இல்லை. ஊர் கேட்டு வாங்கி ஏமாறுகிறதே என்று.

முகூர்த்தம் காலை ஏழரைக்கு. தமிழ்செல்வி தட்டையும் பிடித்தாள், பட்டுப்புடவைத் தலைப்புக்குள் கேமராவையும் வைத்திருந்தாள். தாலி எல்லார் கையையும் தொட்டு ஆசி வாங்கிக்கொண்டு திரும்பியது. ஐயர் கெட்டிமேளம் சொன்ன அதே நேரத்தில் ஓமகுண்டத்தில் நெய்யும் கொஞ்சம் ஈர விறகும் சேர்ந்து விழ, வெள்ளைப் புகை பொங்கி எழுந்தது. முன்னால் நின்ற கோதண்டராமன் விடாமல் ஃபிளாஷ் அடித்தார். இவள் மேடையின் பக்கவாட்டில், குத்துவிளக்குக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தாள். தாலி கழுத்தில் ஏற, நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட, வினோதினி நிமிர்ந்து, கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்காமல், தங்கையைப் பார்த்தாள். கண் நிறைந்து, உதடு சிரிப்புக்குப் போவதா அழுகைக்குப் போவதா என்று தெரியாமல் நடுங்கியது. தமிழ்செல்வி விரலை அழுத்தினாள். ஒரு சத்தமும் வரவில்லை.

மூன்றாம் நாள் கோதண்டராமன் வீட்டுக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"ஃபிளாஷ் வெளிச்சம் அவ்வளவும் பொகையில பட்டுத் திரும்பிடுச்சிம்மா. தாலி கட்ற பதினாலு படமும் வெள்ள வெளேர்னு கீது. பொண்ணு மூஞ்சியே தெரியல. நீ அங்க ஒக்காந்துக்கினு இருந்தியே?"

கொடுக்கக் கூடாது என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் புகையை ஆல்பத்தில் பெரிதாகப் போடட்டும். பரசுராமன் அதையும் தூக்கி எடை பார்க்கட்டும். ஆனால் அதற்குள் விஷயம் தெரிந்து அக்கா போனில் அழுதாள். "தாலி கட்ற போட்டோ இல்லாம ஆல்பம் வந்தா அபசகுனம்னு பேசுவாங்கடி. நீ குடுத்துடு. நல்ல வேளை நீயாவது எடுத்த." அக்கா சொன்ன பிறகு வீம்பு பிடிக்க அவளால் முடியவில்லை.

"தரேன்ணா. ஆனா அந்தப் பக்கத்துல எம்பேரைப் போடணும்."

"சத்தியமா போடறேன்மா."

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. அம்மாவும் அவளும் கீழ்பென்னாத்தூர் போனார்கள். கூடத்தில் சொந்தக்காரர்கள் வட்டம் கட்டி உட்கார்ந்திருக்க, பரசுராமன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவில், இரண்டு பக்கத்தையும் நிறைத்துக்கொண்டு, அந்தப் படம் விரிந்தது. வட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். விளக்கின் மஞ்சள் வெளிச்சம் பட்ட புகை பின்னால் மெல்லிய திரையாக நிற்க, அந்த முகம். ஓரத்தில் ஸ்டூடியோவின் தங்க முத்திரை மட்டும் இருந்தது. தமிழ்செல்வி குனிந்து இரண்டு முறை தேடினாள். வேறு பெயர் எதுவும் இல்லை.

"பாத்தீங்களா? பெரிய கேமராவுல எடுத்தாத்தான் இப்படி வரும். நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் பரசுராமன்.

வினோதினியின் மாமியார் ரேணுகாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்படிப் பாக்குது பாரு எம்மருமவ! அந்தக் கோதண்டராமன் கூப்ட்டு கூப்ட்டு பாக்க வெச்சிருப்பாரு."

அதற்கு மேல் தமிழ்செல்வியால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "அது நான் எடுத்ததுங்க மாமா."

பரசுராமன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப் பிள்ளை பொய் சொன்னால் பெரியவர்கள் சிரிக்கும் சிரிப்பு. மருமகள் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, உன் தங்கச்சி சொல்றது?"

வினோதினி காபித் தம்ளர்களோடு நின்றிருந்தாள். தங்கையை ஒரு தடவை பார்த்தாள், மாமனாரை ஒரு தடவை பார்த்தாள்.

"அவளும் பக்கத்துல ஒக்காந்து எடுத்துக்கினுதான் இருந்தா மாமா. ஆனா இது கோதண்டராமன் அண்ணன் எடுத்ததுதான்."

"நம்ம ஊட்டுப் பொண்ணு ஆசையில சொல்லுது, வுடுங்க" என்று பரசுராமன் பெரிய மனசோடு முடித்துவைத்தார். தன் போனை எடுத்து தமிழ்செல்வியிடம் நீட்டினார். "இந்தாம்மா, கோச்சிக்காத. ஆல்பத்தோட எங்க எல்லாரையும் இதுல ஒண்ணு எடு, பாக்கலாம்." ராணியம்மாள் கண்ணாலேயே கெஞ்சினாள். தமிழ்செல்வி எடுத்தாள். நன்றாக வந்திருக்கிறதென்று எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்த மாதம் அந்த வீட்டுச் சின்னப் பெண்ணின் மஞ்சள் நீராட்டுச் சடங்குக்கும் கோதண்டராமனையே சொல்லிவிட வேண்டும் என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

சமையலறையில் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது.

"வேற இன்னா பண்ணச் சொல்றடி? அந்தாளுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது மாமா. அத்தினி பேரு முன்னாடி அவரைப் பொய்யாக்கிட்டு நான் இந்த ஊட்ல எப்படி இருக்கறது? வந்து ஒரு மாசம்தான் ஆவுது."

"நீ என்னைப் பாத்துதானே அழுத?"

"உன்னைப் பாத்துதான். அது எனக்குத் தெரியும்டி. எனக்குத் தெரிஞ்சா போதாதா?"

தமிழ்செல்வி கையை விடுவித்துக்கொண்டாள்.

"போதாதுக்கா."