சிரிக்கிற பானை

"உனக்கு திருப்திதானே?"

பச்சையம்மாளின் முப்பத்திரண்டு வயதில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. கல்யாணம் பேசும்போதும் கேட்கவில்லை, கல்யாணம் ஆன பிறகும் கேட்கவில்லை. முதன்முதலாகக் கேட்டவள் ஆரம்ப சுகாதார நிலையத்து ஆயா ஆராயி. கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "போடு இதுல" என்று ஒரு தகர மூடியை நீட்டினாள். பச்சையம்மாள் தன் கையிலிருந்த புளியங்கொட்டையை அந்த மூடியில் போட்டாள். ஆராயி மூடியை முன்பக்கம் கொண்டுபோய்ச் சிரிக்கிற பானையில் கவிழ்த்தாள். ணங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பச்சையம்மாளுக்குத் திருப்தி ஆகிவிட்டது.

அது தொண்ணூற்றெட்டாம் வருடம். வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள மேலே இருப்பவர்களுக்கு அந்த வருடம் ஆசை வந்துவிட்டது. மருந்து வந்ததா, டாக்டர் வந்தாரா என்று தெரிந்துகொள்ளும் ஆசை இன்னும் வந்திருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கருத்துச் சொல்ல வேண்டுமே என்று இரண்டு மண்பானைகள் வைத்தார்கள். ஒன்றில் சுண்ணாம்பும் காவியுமாகச் சிரிக்கிற முகம். இன்னொன்றில் அழுகிற முகம். வைத்தியம் முடிந்து போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. மனசுக்குப் பட்ட பானையில் போட்டுவிட்டுப் போகலாம். மூன்று மாதம் கழித்து அதிகாரி வந்து எண்ணுவார். சிரிப்பு அதிகமாக இருக்கிற நிலையத்துக்குக் கேடயம் உண்டு. கேடயம் வாங்குகிற நர்சுக்குக் கேட்ட ஊருக்கு மாற்றல் கிடைக்கும் என்று ஒரு பேச்சும் இருந்தது.

நர்சு சந்திரகலாவுக்குச் சொந்த ஊர் காட்பாடி. அதனால் அழுகிற பானைக்குள் ஒரு சிலந்தி நிம்மதியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

நிலையத்தின் வாசலில் 'அனைவரும் வருக' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எந்த வழியாக வருவது என்று எழுதவில்லை. அதை எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஊர்க்காரர்கள் முன்வாசலில் மூன்று படி ஏறி, தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்துக் குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு டாக்டரைப் பார்த்தார்கள். காலனிக்காரர்கள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்க ஜன்னலுக்குப் போனார்கள். இரண்டு பானைகளும் முன்தாழ்வாரத்தில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருந்தன. ஆகவே காலனியின் திருப்தியை ஆராயியின் மூடிதான் சுமந்தது.

பச்சையம்மாளின் மகள் மதிவதனிக்கு ஒன்பது வயது. பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையைப் பெருக்கக் காலனிப் பெண்களை வண்டியில் ஏற்றிப் போவார்கள். மகளும் கூடப் போனாள். ஊதுபத்தி அட்டைகளுக்கும் வாழையிலைகளுக்கும் நடுவில் உடைந்து கிடந்த சோடா பாட்டில் அவள் இடது பாதத்தில் ஏறிவிட்டது. இரத்தம் நின்றது, வலி நிற்கவில்லை. பன்னிரண்டு நாளில் நாலு முறை தூக்கிக்கொண்டு வந்தாயிற்று. கால் கணுக்கால் வரைக்கும் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கி மினுமினுத்தது. "இப்புடியே உட்டா கால எடுக்கணும்னுடுவாங்க" என்று பக்கத்து வீட்டு கஸ்தூரி சொன்ன நாளிலிருந்து பச்சையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

பின்பக்கத்து வைத்தியம் ஒரு தினுசாக நடக்கும். சந்திரகலா பின்தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். தாயும் மகளும் படிக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்திருப்பார்கள். ரேடியோவில் கிரிக்கெட் சொல்கிற மாதிரி நர்சு மேலிருந்து சொல்லிக்கொண்டே வருவாள்.

"கட்ட அவுத்துடு. ம். தொட. இன்னும் நல்லா தொட. பஞ்சு கம்மியா வெய்யி, ஸ்டாக் இல்ல. மருந்த ஊத்து. ஆச்சா? கட்டிடு."

"உள்ள இன்னாமோ குத்துதுன்றா சிஸ்டர். கண்ணாடி நின்னுக்கினு கீதோ இன்னாமோ. நீங்க ஒரு தபா அமுக்கிப் பாருங்களேன்."

"என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலியே."

ஆறடி தூரத்திலிருந்து தெரியவில்லை என்பது உண்மைதான்.

"அப்ப டவுன் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டாச்சும் எழுதிக் குடுங்க. சீட்டு இல்லாம போனா இங்கயே திருப்பி அனுப்புறாங்க."

"சீட்டு எழுதுனா இங்க சரியா பாக்கலன்னு ஆயிடும். நாங்கதான் பாக்கறோமே, இன்னா கொற உனக்கு?"

குறைக்குப் பதிலாகப் பச்சையம்மாளிடம் ஒரு காட்சி இருந்தது. மகளுக்குக் கண்ணாடி குத்திய அன்றைக்குக் காலையில் கிரிவலப் பாதையோரம் வைத்தியக் கொட்டகை போட்டிருந்தார்கள். நிலையத்தின் பஞ்சு, களிம்பு, கையுறை எல்லாம் அங்கேதான் போயிருந்தன. பதினாலு கிலோமீட்டர் நடந்து கால் கொப்புளித்த யாரோ ஒரு வெளியூர் பக்தர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவருடைய பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, வாயால் ஊதி ஊதி மருந்து போட்டுக்கொண்டிருந்தாள் சந்திரகலா. அவளுக்குக் கால் பிடிக்கத் தெரியும் என்பதைத் துடைப்பத்தோடு நின்று பச்சையம்மாள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

ஐந்தாவது முறை அவள் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தது அதிகாரி வருகிற நாளில்.

தாழ்வாரத்தைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். டாக்டர் நேரத்தோடு வந்திருந்தார். பெஞ்சில் இருந்த சிலர் அவரைத்தான் அதிகாரி என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டார்கள். அசல் அதிகாரி முருகவேல் பத்து மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கி, டாக்டர் அறைக்குள் போய், மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து, இளநீர் குடித்தபடி கணக்குப் புத்தகங்களைப் புரட்டினார். ஜீப் டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

பின்பக்கத்தில் அன்றைக்குக் கிரிக்கெட்கூட இல்லை. ஜன்னல் வழியே ஆராயியின் கை மட்டும் வந்தது. நாலு மாத்திரையும் ஒரு புளியங்கொட்டையும் பச்சையம்மாளின் உள்ளங்கையில் மேலிருந்து விழுந்தன.

"சிஸ்டர் பாக்க மாட்டாங்களா ஆயாம்மா? ராவெல்லாம் காய்ச்சல், அனலா கொதிக்குது."

"ஆபீசர் வந்துக்கீறாரு, இப்பத்தான் உனக்கு கால் கையின்னுக்கினு. நாளிக்கு வா. போ, போ." ஆராயி அவசரத்தில் மூடியை நீட்ட மறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பச்சையம்மாள் கையிலிருந்த கொட்டையைப் பார்த்தாள். முந்தின நாலும் அவள் கண்ணில் படாமலே போய் விழுந்தவை. பிறகு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடந்தாள். முன்வாசலில் மூன்று படி ஏறினாள். பெஞ்சின் ஒரு ஓரத்தில் மகளை உட்கார வைத்தாள். பெஞ்சில் இருந்த பெண்கள் மறு ஓரத்துக்கு நகர்ந்ததில், அந்த ஓரத்தில் இருந்தவள் கீழே விழுந்தாள்.

"ஏய் பச்ச! எங்கடி ஏறுற?" ஆராயி ஓடி வந்தாள்.

"கொட்ட போட வந்தேன் ஆயாம்மா."

"குடு, நான் போடறேன்."

"நீங்க போட்டது போதும்."

அவள் அழுகிற பானைக்குள் எட்டிப் பார்த்தாள். சிலந்தி மட்டும் இருந்தது. சிரிக்கிற பானைக்குள் எட்டிப் பார்த்தாள். கழுத்து வரைக்கும் கொட்டை.

"என்து நாலு கொட்ட இதுல கீது. நான் இதுல போடச் சொல்லவே இல்ல. எடுத்து அதுல போடப்போறேன்" என்றாள். சண்டைக் குரல் இல்லை. கொடியில் மாறிப் போன தன் சேலையைக் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முழங்கை வரைக்கும் பானைக்குள் கையை விட்டாள்.

"ஐயய்யோ, கைய உட்டுட்டாளே!" என்று பெஞ்சுப் பெண்கள் ஒன்றாக எழுந்தார்கள்.

பச்சையம்மாள் கலக்கினாள். ஒரு பிடி அள்ளினாள், பார்த்தாள், திரும்பக் கொட்டினாள். தன்னுடையது எது என்று தெரியவில்லை. ஊர்க் கொட்டை இது, காலனிக் கொட்டை இது என்று தெரியும்படி கடவுள் புளியங்கொட்டையில் ஒரு அடையாளமும் வைத்திருக்கவில்லை. அவர் மறந்ததை மற்றதில் எல்லாம் மனுஷன் சரிசெய்துவிட்டான். புளியங்கொட்டை தப்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அறைக்குள்ளிருந்து அதிகாரியின் குரல் வந்தது.

"சிஸ்டர், அந்த சிரிக்கிற பானைய உள்ள கொண்டாங்க, எண்ணிடலாம். இன்னும் ரெண்டு சென்டர் போகணும்."

"இதோ சார்!" என்று சந்திரகலா ஓடி வந்தாள். பச்சையம்மாளின் கை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தாள். அவள் முகத்தில் காட்பாடி ரயில் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"ஆயாம்மா, தூக்குங்க" என்றாள் தணிந்த குரலில்.

"நானா? அவ கைய உட்டு ஒளப்புன பானைய நானா? ஊரே பாத்துக்கினு கீது. நல்லாக் கீதே நாயம்! நீ வேணா தூக்கு. தூக்கிட்டு சாயங்காலம் எங்க ஊட்டு கொழாய்ல தண்ணி புடிக்க வராத, அம்மாந்தான்." சந்திரகலா குடியிருந்தது ஆராயியின் கொழுந்தனார் வீட்டில்.

"தண்ணி ஊத்திக் கழுவிடலாமா?"

"கழுவுனா சிரிப்பு அழிஞ்சிடும் சிஸ்டர்."

இரண்டு பேரும் பானையைப் பார்த்தார்கள். பானை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்!" என்று மறுபடியும் குரல் வந்தது.

"ரெண்டே நிமிஷம் சார்!" சந்திரகலா பச்சையம்மாளின் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவள் பேச்சில் மரியாதை முளைத்தது. "பச்சையம்மா, நீயே கொஞ்சம் தூக்கியாந்து சார் மேஜை மேல வெச்சிடேம்மா. நீங்கதானே தொட்டீங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லியே."

படியே ஏறக் கூடாதவளுக்கு, ஒரு நிமிஷத்தில் டாக்டர் அறை மேஜை வரைக்கும் வழி திறந்துவிட்டது. பச்சையம்மாள் பானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். சேலையில் துடைத்தாள். மகளைப் பார்த்தாள். மதிவதனி உதட்டைக் கடித்துக்கொண்டு, அழுக்குத் துணி சுற்றிய காலை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"மொதல்ல கொயந்த கால பாருங்க சிஸ்டர்" என்றாள் பச்சையம்மாள்.

"பாக்கறேன், இத வெச்சிட்டு வா."

"மொதல்ல கால பாருங்க. கையால."

சந்திரகலா ஆராயியைப் பார்த்தாள். ஆராயி சட்டம் தெரிந்தவள் போல யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "கால தொட்டா தல முழுகிக்கலாம். பானைய எப்புடி முழுக்காட்டறது? பாத்துடு சிஸ்டர்."

"புண்ண பாக்கறது எங்க டூட்டிம்மா" என்று பெஞ்சுப் பெண்களுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு நர்சு தரையில் குந்தினாள். கையுறை இல்லை, அதெல்லாம் கொட்டகையோடு போய்விட்டது. வெறுங்கையால் கட்டை அவிழ்த்தாள். பாதத்தைப் பிடித்தாள். கட்டைவிரலால் ஒரு இடத்தில் அமுக்கினதும் மதிவதனி "யம்மா!" என்று வீறிட்டாள். சீழ் பீறிட்டு வந்தது. சந்திரகலாவின் முகம் மாறியது. அதற்குப் பிறகு அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன இருந்தாலும் அவளுக்கு வேலை தெரியும். கொதிக்க வைத்த இடுக்கியைக் கேட்டு வாங்கினாள், கிளறினாள், வாயால் ஊதினாள், இழுத்தாள். புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு இடுக்கியின் முனையில் வந்தது.

பன்னிரண்டு நாளாக ஆறடி தூரத்திலிருந்து தெரியாமல் இருந்த துண்டு அது.

மருந்து வைத்து, கம்மி இல்லாமல் பஞ்சு வைத்து, வெள்ளைத் துணியால் கட்டினாள். ஊசியும் போட்டாள். கேட்காமலே பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதினாள். எல்லாம் பத்து நிமிஷ வேலை. மதிவதனி மூச்சை மெதுவாக விட்டு, காலை நீட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, பானை வருதா வரலியா?" அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"வந்துடுச்சி சார், வந்துடுச்சி!" சந்திரகலா எழுந்து வழிவிட்டு நின்றாள். ஆராயி அறைக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். பெஞ்சுப் பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். "தூக்கும்மா, தூக்கு" என்றாள் நர்சு.

பச்சையம்மாள் சீட்டை இடுப்பில் செருகினாள். தரையில் கிடந்த கண்ணாடித் துண்டைக் குனிந்து எடுத்தாள். அதையும் கையில் மிச்சமிருந்த புளியங்கொட்டையையும் அழுகிற பானையில் போட்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பானையில் சத்தம் கேட்டது. சிலந்தி மேலே ஓடி வந்தது.

பிறகு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரிக்கிற பானையைத் தாண்டி நடந்து, முன்வாசல் படி மூன்றிலும் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கிப் போனாள்.