எட்டடி என்று எழுதிய படிவம்

வயரிங் லைசன்ஸ் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த அதிகாரி, அதைத் தம்பிராசாவிடமே கொடுத்துவிட்டார். சரவணமுத்துவின் மனைவி இலட்சுமிப்பிள்ளை கிணற்றடியில் தண்ணீர் மோட்டரைத் தொட்டு விழுந்து இறந்து பதின்மூன்று நாளாகியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து விசாரிக்க வந்த அந்த அதிகாரி மோட்டரைத் திறந்தார். உள்ளே வயர் தோலுரிந்து இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது. மண்ணுக்கு மேலே தெரிந்த ஏர்த் கம்பியின் தலையைப் பார்த்தார். வீட்டுக்கு வயர் இழுத்தபோது தம்பிராசா கையெழுத்திட்ட படிவத்தையும் பார்த்தார். கம்பி எட்டடி என்றிருந்தது. மோட்டரில்தான் பிழை என்று எழுதிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

வேலணைத் தீவில் வயர் இழுப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. ஒழுகும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க எட்டடிக் கம்பி அடி என்கிறது சட்டம். மூன்றடியில் கல் என்கிறது வேலணை. சம்மட்டி துள்ளும், கம்பியின் தலை நசிந்து விரியும், பிறகென்ன, இரும்பறுக்கும் வாளால் அறுத்துவிட்டுப் படிவத்தில் எட்டு என்று போடுவார்கள். தம்பிராசாவும் போட்டான். மாரியில் நிலம் ஈரம், ஒன்றும் தெரியாது. இது ஆவணி, நாலு மாதமாக ஒரு துளி மழையில்லை. காய்ந்த மண்ணில் மூன்றடிக் கம்பி மின்சாரத்தை இறக்காது. ஆனால் இரண்டு தரம் சோதனையில் தவறி மூன்றாம் தரம் எடுத்த லைசன்ஸ் அது. அது போனால் பிழைப்பும் போகும். வாயைத் திறக்காமலே இருந்துவிடலாம் என்று வெட்கமில்லாமல் நினைத்தான்.

அதிகாரியை வழியனுப்பிவிட்டுச் சரவணமுத்து திரும்பி வந்தார். மலைநாட்டுப் பதுளையில் வைத்திருந்த கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்தவர், இன்னும் தாடி வழிக்கவில்லை.

"தம்பி, முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்கு வீட்டு முத்தத்திலை லைற் போடவேணும். வேறை ஆரையும் நான் நம்பமாட்டன். நீர்தான் போடவேணும்."

அதிகாரி எவ்வளவு நெருக்கியிருந்தாலும் தம்பிராசா சொல்லியிருக்கமாட்டான். இதற்கு அவனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

"அண்ணை, கம்பி எட்டடி இல்லை. கல்லு விடேல்லை. வேறை இடத்திலை கிண்டிப் பாத்திருக்கலாம், நான் பாக்கேல்லை. அறுத்துப்போட்டு எட்டெண்டு எழுதினனான்."

சரவணமுத்து எத்தனை அடி இறங்கியது என்று மட்டும் கேட்டார்.

"மூண்டு."

அவர் குனிந்து தன் பாதத்தடியில் கையை வைத்தார். ஒரு சாண், இரண்டு சாண் என்று காலோடு அளந்துகொண்டே மேலே வந்தார். நாலாவது சாண், மூன்றடி, இடுப்பில் வந்து முடிந்தது. அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தபடி, கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.