மூன்றாம் நம்பர் நின்றுவிட்டது

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து மில்லில் நான்தான் மூன்றாம் நம்பர் ஃபேன். மெஷின்களைக் கழுவிப் பொட்டு வைப்பதற்காக, அதிர்வை அளக்கும் சென்சார்களைக் கழற்றினார்கள். திரும்ப மாட்டும்போது மூன்றாம் நம்பருடையதை என் நெஞ்சில் வைத்தார்கள். சென்சாரின் காந்தம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. எனக்கும் சந்தனம் வைத்தார்கள். அன்று முதல் கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் என் அதிர்வு பச்சைக் கோடாக ஓடுகிறது.

உண்மையான மூன்றாம் நம்பர், பஞ்சுத் தூசியை உறிஞ்சும் ஆளுயர ஃபேன். வியாழக்கிழமை அது ஆட ஆரம்பித்தது. நான் ஃபிட்டர். ஸ்க்ரூ டிரைவர் நுனியைப் பேரிங்கில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்தேன். உள்ளே ஜல்லி அரைபட்டது. பக்கத்தில் மாராத்தாள் அக்கா பஞ்சுக் கழிவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இறக்கை பிய்ந்தால் முதலில் அவள் தலைதான்.

கண்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். வராந்தா நீண்டுகொண்டே போனது. எனக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் வைத்தார்கள் என்று ஒவ்வொரு கதவிலும் கேட்டார்கள். ஒவ்வொரு கதவிலும் சொன்னேன்.

இன்ஜினியர் தண்டபாணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சார், மூணாம் நம்பர் ஆடுதுங்க. நிறுத்துங்க.”

“பச்சையாத்தான இருக்குது?”

“அது நானுங்க சார்.”

“அப்புறம் என்ன? நல்லாத்தான ஓடுற?”

“ஒரு எட்டு வந்து பாருங்க.”

“பாக்குறதுக்குத்தானப்பா கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்குது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருஷம் அந்தப் பேரிங்குகளைக் காதால் கேட்டவன் நான். இந்த ஆள் ஒருநாளாவது தூசிக்குள் வந்திருப்பாரா? மேஜையைக் குத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திரையில் கோடு எகிறி மஞ்சளானது.

அப்போதுதான் உறைத்தது. சிவப்பைத் தொட்டால் நிறுத்தித்தானே ஆக வேண்டும்? இருந்த கோபம் போதவில்லை. அப்பாவின் காரியத்துக்குக் கிடைக்காத லீவையும் நினைத்துக்கொண்டேன். சிவப்பு.

“நீ சொன்னது சரிதானப்பா” என்றார் தண்டபாணி. பொத்தானை அமுக்கினார்.

நான் நின்றுபோனேன். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. என் கழுத்தில் ‘இயக்காதே’ அட்டையை மாட்டினார். பிறகு மைக்கை எடுத்தார்.

“மூன்றாம் நம்பர் நிறுத்தப்பட்டது. உள்ளே சுத்தம் செய்யலாம்.”

வராந்தா இப்போது ஒரு முழம்தான் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபேன் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. மாராத்தாள் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஓடுதுங்களே சார்?”

“கம்ப்யூட்டர்ல நின்னுருச்சும்மா. போ.”

நான் உள்ளுக்குள் கத்தினேன். திரையில் கோடு நேராக இருந்தது.

அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஃபேன் கூண்டின் கம்பிவலைக் கதவைத் திறந்தாள்.