ஐம்பதுக்கு மேல் ஆட்டுக்குரல்

ஆளுநரின் உத்தரவை ஆஸ்திரேலியாவில் யரபின் பள்ளத்தாக்கு நீதிமன்றக் கதவில் ஆணியடித்த நாளிலிருந்து, அங்கிருந்த நீதிபதிகள் ஐம்பதுக்கு மேற்பட்ட எந்த எண்ணைச் சொல்லப்போனாலும் வாயிலிருந்து ஆட்டின் கத்தல்தான் வந்தது. கைதிகளுக்கு ஐம்பது கசையடிக்கு மேல் விதிக்கக் கூடாது என்பது உத்தரவு. சிட்னியில் உட்கார்ந்துகொண்டு தங்கள் தீர்ப்பில் கைவைக்க இவர் யார் என்று நீதிபதிகள் கொதித்தார்கள். அவர்கள் எல்லோரும் ஆட்டுப்பண்ணைக்காரர்கள். நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளை வேலைக்கு வைத்துத்தான் பண்ணை நடத்தினார்கள். தன் ஆளைத் தானே விசாரிக்கக் கூடாதென்பதால் பெல்சேம்பர் துரை தன் ஆட்களைக் கிரிம்ஷா துரையிடம் அனுப்புவார், கிரிம்ஷா தன் ஆட்களை இவரிடம் அனுப்புவார். சாயங்காலம் இருவரும் ஒரே புட்டியிலிருந்து பிராந்தி குடிப்பார்கள்.

முதல் கத்தல் பெல்சேம்பர் வீட்டு விருந்தில் கேட்டது. சமையல்காரி ஹொனோரா ஆட்டுத்தொடையை மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். “அந்த ஆளுநருக்கே…” என்று தொடங்கிய துரை, நூறு கசையடி என்று சொல்லப்போய், நீளமாக, குட்டியைத் தொலைத்த தாயாடு போலக் கத்தினார். விருந்தாளிகள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். விறகு கொண்டுவந்த மேய்ப்பன் கோர்மக் மட்டும் விறகைப் போட்டுவிட்டுச் சிரித்தான். அதுதான் குற்றம்: எஜமானை அவமதித்தது. ஹொனோராவைப் போலவே அவனும் அயர்லாந்திலிருந்து கப்பலேற்றப்பட்டவன். தண்டனைக்காலம் முடியுமுன்னே நன்னடத்தைக்குத் தரும் விடுதலைச் சீட்டை அவள் வாங்கிவிட்டாள். அவனுக்கு வருகிற மாதம் கிடைக்கவேண்டும். கிடைத்தால் கல்யாணம், ஆற்றுக்கு அக்கரையில் குடிசை. ஒரே ஓர் அடி விதித்தாலும் சீட்டு போய்விடும்.

“கொஞ்சம் வாயை மூடிட்டு நிக்கக் கூடாதாய்யா?” என்றாள் அவள், காவல்கொட்டடிச் சன்னல் வழியாக.

“மூடித்தான் இருந்தேன் புள்ள. மூக்கு வழியா வந்துடுச்சு.”

வழக்கம்போலக் கிரிம்ஷாதான் விசாரித்தார். ஐம்பது என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் அது ஆளுநரின் எண்; அதைச் சொல்வது அவர் காலில் விழுவதற்குச் சமம். கிரிம்ஷா எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, நூறு விதிக்க வாயைத் திறந்தார். அவருடைய கத்தல் பெல்சேம்பருடையதைவிடக் கட்டையாக, கிடாவின் குரலாக இருந்தது. மேய்ச்சலில் இருந்த ஆடுகள் பதில் கொடுத்தன. பிறகு இருவருடைய பண்ணை ஆடுகளும் கலந்து நீதிமன்றத்துக்குள் வந்து நின்றன. ஒரு கிழ ஆடு சாட்சிக்கூண்டில் ஏறிப் படுத்தது. எழுத்தர் பேனாவை மையில் தோய்த்து, “ஐயா, இதை எப்படி எழுதிக்கறது?” என்று பணிவாகக் கேட்டார்.

ஹொனோரா ஆடுகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “ஒரே ஒரு சந்தேகம் தொரை. அன்னிக்கு எங்க எஜமான் ஆடாக் கத்தினாரா, எஜமானாக் கத்தினாரா? ஆடுன்னா, ஆட்டப் பாத்துச் சிரிக்கறது குத்தமில்ல. எஜமான்னா, நான்தான் கத்தினேன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கட்டும். அந்தத் தாளு சிட்னிக்குப் போவும், ஆளுநரும் படிப்பாரு.”

புகார் கொடுத்தவராக முன்வரிசையில் இருந்த பெல்சேம்பர் கிரிம்ஷாவைப் பார்த்தார். கூண்டிலிருந்த கிழ ஆடு அசைபோட்டது. கடைசியில் அவர், “ஆடுதான்” என்றார். வழக்கு தள்ளுபடியானது.

ஆளுநரைக் கண்டித்து நீதிபதிகள் எழுதிய மனு பாதியில் நின்றுபோனது. பேனாவிலிருந்தும் அதே சத்தம் வந்ததாகச் சொல்கிறார்கள். அடுத்த ஆளுநர் வந்தார், உத்தரவு மாறியது, கத்தல் மாறவில்லை. கோர்மக் சீட்டு வாங்கிப் போனபின் பெல்சேம்பர் புதிதாக மேய்ப்பன் வைத்துக்கொள்ளவில்லை. பொழுது சாயும்போது தாழ்வாரத்தில் நின்று, நூறு என்று சொல்ல வாயைத் திறந்து கத்துவார். மலைச்சரிவிலிருந்து மந்தை மொத்தமும் இறங்கி வரும், ஒன்றுகூடக் குறையாது. அக்கரைக் குடிசைவரை அது கேட்கும். “எஜமான் கூப்பிட்டுட்டாரு” என்பாள் ஹொனோரா. கோர்மக் தேநீருக்குத் தண்ணீர் வைப்பான். தினமும் கேட்பதுதான்; அவன் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.